கல்யாண வீட்டில் ஒரு கம்பைல்!

தங்கை கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். பட்டு வேஷ்டி, நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் வெற்றிலை சகிதம் ஒரு எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, ‘‘மைனஸ் மைனஸ்... இல்லைப்பா, ரெண்டு மைனஸ்! ரெண்டு!’’ என்று தொண்டை கிழியக் கத்திய அண்ணன்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான். அடியேன்.

வெளியே க்யூவில் நின்ற பெரியவர் ஒருவர், ‘‘பாவம், கல்யாணச் செலவு போலிருக்கு. எல்லாமே மைனஸ்ல போகுது’’ என்று பக்கத்து ஆளிடம் உச்சுக் கொட்டியது கண்ணாடியைத் தாண்டி என் காதில் விழுந்தது.

அவர் வாய் முகூர்த்தம், அப்படியே பலித்தது. அன்றைக்கு ஆரம்பித்து நாலு நாள் என் கணக்கு மைனஸில்தான் ஓடியது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

★ ★ ★

வருஷம் 2001. சென்னை பாரிமுனையில், கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ். எனக்கு வயது இருபத்தைந்து. விசிட்டிங் கார்டில் ‘சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று போட்டிருக்கும். நிஜத்தில், பிரின்டரில் பேப்பர் சிக்கினால் கூப்பிடுகிற ஆள். ஃபேன் ஓடவில்லை என்றாலும் கூப்பிடுவார்கள்.

ஆபீஸில் 18 கம்ப்யூட்டர். வெளி உலகத்துக்கு ஒரே ஒரு ஐ.எஸ்.டி.என். லைன். வேகம் 64 கிலோபிட். இன்றைக்கு நீங்கள் செல்போனில் எடுக்கும் 3 எம்.பி. போட்டோ ஒன்றை அந்த லைனில் அனுப்பினால் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவும் மற்ற பதினேழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்!

உட்கார்ந்திருப்பார்களா? மார்க்கெட்டிங்கில் ஒரு மைனர் இருந்தார். கழுத்தில் செயின், இடுப்பில் பேஜர் மாட்டிய காலத்து பெல்ட், காதில் எப்போதும் ஹெட்ஃபோன். காலையில் வந்ததும் எம்.பி.3 பாட்டு இறக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு பாட்டு 4 எம்.பி. என்று வைத்துக்கொண்டால் எட்டு நிமிஷத்துக்கு மொத்த லைனும் அவர் பரம்பரைச் சொத்து. அந்த நேரத்தில் யாராவது மெயில் அனுப்பினால் அது பஸ் ஸ்டாப்பில் நிற்கிற கிழவி மாதிரி நின்றுகொண்டே இருக்கும்.

மானேஜர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். ‘‘ஏம்ப்பா, இவர் பாட்டு கேக்கறதுக்கா நான் மாசாமாசம் பில் கட்டறேன்? ஏதாவது பண்ணு. ஆனா அவர் மனசு நோகக்கூடாது. முதலாளிக்குச் சொந்தம்.’’

தண்ணீரை நிறுத்தவும் கூடாது, வீணாக்க விடவும் கூடாது. மெட்ராஸ்காரனுக்கு இது தெரியாத கணக்கா என்ன? லாரி வந்தால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று ரேஷன் வைப்பதில்லையா, அதேதான்.

எங்கள் ஆபீஸில் ஒரு மூலையில் லினக்ஸ் மெஷின் ஒன்று இருந்தது. அதில் ஸ்க்விட் என்று ஒரு சாஃப்ட்வேர். பதினெட்டுப் பேரும் கேட்கிற வெப் பக்கங்கள் இதன் வழியாகத்தான் போய் வரும். ஒருத்தர் பார்த்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது கையிருப்பிலிருந்து கொடுத்துவிடும். அந்த ஸ்க்விட்டுக்குள்ளேயே ‘டிலே பூல்ஸ்’ என்று ஒரு வசதி உண்டு. சாட்சாத் லாரித் தண்ணீர் ரேஷன். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு வாளி. வாளியில் இருக்கும் வரை வேகமாக மொண்டு கொள்ளலாம். காலியானால் சொட்டுச் சொட்டாக நிரம்புகிற வேகத்தில்தான் கிடைக்கும். பாட்டு இறங்கும், ஆனால் அது முடிவதற்குள் பாட்டு பழசாகிவிடும். மனசும் நோகாது!

ஒரே ஒரு சிக்கல். எங்களிடம் இருந்த லினக்ஸ் சி.டி.யில் வந்த ரெடிமேட் ஸ்க்விட்டில் இந்த வசதி சேர்க்கப்படவில்லை. வேண்டுமென்றால் சோர்ஸ் கோடிலிருந்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

★ ★ ★

கம்ப்யூட்டர் பக்கமே போகாத நண்பர்களுக்காக ஒரு நிமிஷம்.

கடையில் ரெடிமேட் சட்டை வாங்குகிறோம். 40 சைஸ் என்றால் 40 சைஸ். உள்பாக்கெட் வேண்டுமென்றால் கடைக்காரர் கையை விரிப்பார். துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்தால், ‘‘உள்ளே ஒரு பாக்கெட் வைங்க மாஸ்டர்’’ என்று சொல்லலாம். சோர்ஸ் கோடு என்பது துணி. மனுஷன் படிக்கக் கூடிய எழுத்து, ஸ்க்விட் விஷயத்தில் அப்போது ‘சி’ மொழியில். கம்பைலர்தான் தையல் மெஷின். அந்த எழுத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற பூஜ்யமும் ஒன்றுமாகத் தைத்துக் கொடுத்துவிடும்.

இதற்கு மூன்று மந்திரம். கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்.

முதல் மந்திரம் கான்ஃபிகர், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. ‘சி கம்பைலர் இருக்கிறதா?... இருக்கிறது. வேலை செய்யுமா?... செய்யும். இன்ன லைப்ரரி உண்டா?... உண்டு’ என்று வரிசையாகக் கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொள்ளும். பல சாஃப்ட்வேர்களின் கான்ஃபிகரில் ஒரு கேள்வி வரும் பாருங்கள். ‘இங்கே எல்லாம் புத்தி சுவாதீனமாக இருக்கிறதா?... ஆம்.’ சத்தியமாக இப்படித்தான் கேட்கும். ராத்திரி பதினொரு மணிக்கு ஆபீஸில் தனியாக உட்கார்ந்து இந்த ‘ஆம்’ வரும்போது ஒரு நிம்மதி!

இந்த விசாரணையின் முடிவில் அது ‘மேக்ஃபைல்’ என்று ஒன்றை எழுதிக் கொடுக்கும். எதை முதலில் தைப்பது, எதோடு எதைச் சேர்ப்பது என்ற குறிப்பு. ‘மேக்’ அதைப் படித்து வேலையைச் செய்து முடிக்கும். ‘மேக் இன்ஸ்டால்’ தைத்ததை மடித்து அலமாரியில் வைக்கும். அவ்வளவுதான்.

கேட்க சுலபமாக இருக்கிறதல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த மேக் என்கிற சாஃப்ட்வேரை எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில், 1976-ல். அவர் மேக்ஃபைலில் ஒரு விதி வைத்தார். கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் சாவி தட்டித்தான் தொடங்க வேண்டும். எட்டு தடவை ஸ்பேஸ் தட்டினால் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் மேக் ஒத்துக்கொள்ளாது. சில வாரத்திலேயே இது தொல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் சிநேகிதர்கள், உபயோகிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேர் நிம்மதியாக இருந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, புத்தகத்தைப் பார்த்து ஸ்பேஸ் தட்டி மேக்ஃபைல் எழுதிய நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை!

அப்புறம் இந்த ‘அது இருந்தால்தான் இது’ சமாசாரம். ஒருமுறை ஆசைப்பட்டு, படம் பார்க்கிற சின்ன சாஃப்ட்வேர் ஒன்றைக் கட்டப் போனேன். ‘லிப் பி.என்.ஜி. எங்கே?’ என்றது. சரி என்று அதைக் கொண்டு வந்தால், ‘ஸெட்லிப் எங்கே?’ என்றது அது. ஸெட்லிப் என் மெஷினில் ஏற்கெனவே இருந்தது. இருந்தும் இல்லை என்று சாதித்தது! விஷயம் என்னவென்றால், லைப்ரரி இருந்தால் போதாது. அதில் என்னென்ன கிடைக்கும் என்று சொல்கிற ஹெடர் ஃபைலும் வேண்டும். ஓட்டல் இருக்கிறது, மெனு கார்டு இல்லை. ஆர்டர் எடுக்க மாட்டேன் என்கிறது கம்பைலர்.

இப்படி முட்டி மோதியதில் கற்ற பாடம் ஒன்று. திரை முழுக்கப் பிழைச் செய்தி ஓடும்போது எல்லோரும் கடைசி வரியைத்தான் படிப்பார்கள். அதில் ஒன்றும் இருக்காது. ‘பிழை 1, நிறுத்திவிட்டேன்’ என்றுதான் இருக்கும். மேலே போய் முதல் பிழையைத் தேடிப் படிக்க வேண்டும். அது ஒன்றைச் சரிசெய்தால் கீழே இருக்கிற ஐம்பதும் காணாமல் போகும். ஆபீஸ் சண்டைகளுக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம்.

★ ★ ★

ஒரு சனிக்கிழமை ராத்திரி ஸ்க்விட் தைத்து முடிந்தது, உள்பாக்கெட்டோடு. திங்கட்கிழமை காலை மைனர் பாட்டைத் தட்டிவிட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். பல்லவிதான் இறங்கியிருந்தது.

‘‘என்னாச்சு, நெட் ஸ்லோவா இருக்கே?’’ என்றார்.

‘‘கடலுக்கடியில கேபிள் கட்டாயிடுச்சாம் சார்’’ என்றேன் கூசாமல்.

மானேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். மாசம் ஐநூறு ரூபாய் இன்க்ரிமென்ட். ஆபீஸில் என் நடையே மாறிவிட்டது. பிரின்டரில் பேப்பர் சிக்கினால், ‘‘வர்றேன், வெயிட் பண்ணுங்க’’ என்று சொல்லிப் பார்த்தேன். வெயிட் பண்ணினார்கள்!

அந்தச் சமயத்தில் எனக்கு உதவியாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். டிப்ளமா முடித்தவன், வயது இருபது. பேர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். எது சொன்னாலும் நீளமான ஒரு கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வான்.

‘‘அண்ணே, ஸ்க்விட் எப்படிக் கட்டினீங்கன்னு ஒரு தடவை சொன்னீங்கன்னா எழுதி வெச்சுக்குவேன்’’ என்றான் ஒருநாள்.

‘‘அதெல்லாம் உனக்கு இப்பப் புரியாதுப்பா. தேவைப்பட்டா நானே பண்ணிக்கறேன்.’’

‘‘நீங்க லீவுல போனா?’’

‘‘நான் எதுக்கு லீவுல போறேன்?’’

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவனுக்குப் புரியாது என்று நான் நினைக்கவில்லை. புரிந்துவிடுமே என்றுதான் பயம். ஐநூறு ரூபாய் சம்பளத்துக்குக் கூடியது எதனால்? ஆபீஸில் எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருந்ததால். அது இன்னொருத்தன் நோட்டில் ஏறிவிட்டால் நான் மறுபடியும் ஃபேன் ரிப்பேர்காரன்தானே? வேலை பார்க்கிற யாருக்கும் இந்த பயம் தெரியாமல் இருக்காது. ஸ்டோர்ஸ் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போகிற குமாஸ்தாவுக்கும், ரசப்பொடி அளவை மருமகளிடம் சொல்லாத மாமியாருக்கும் உள்ள அதே பயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஸ்க்விட்டை எழுதியவர்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், படியுங்கள், மாற்றுங்கள் என்று உலகத்துக்கே சோர்ஸ் கோடைக் கொடுத்திருந்தார்கள். அதை வாங்கிக் கட்டிய நான், ஒரு வரி கட்டளையைப் பக்கத்து நாற்காலிக்குக் கொடுக்கவில்லை.

★ ★ ★

கும்பகோணத்தில் தங்கைக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். வியாழக்கிழமை காலையில் ஆபீஸ் லினக்ஸ் மெஷினின் ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு உயிரை விட்டது.

தம்பி கலங்கவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடிப்போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்து, சி.டி.யிலிருந்து லினக்ஸை ஏற்றிவிட்டான். ஸ்க்விட் சோர்ஸ் கோடு என் டிராயரில் ஒரு சி.டி.யில் இருந்தது. அதன் அமைப்பு ஃபைல் ஃப்ளாப்பியில் இருந்தது. எந்தக் கட்டளை கொடுத்துக் கட்டினேன் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. கான்ஃபிகர் தன் நடவடிக்கையையெல்லாம் கான்ஃபிக் டாட் லாக் என்ற ஃபைலில் தானே குறித்து வைக்கும். எனக்கிருந்த பொறுப்பு அதற்கு உண்டு. ஆனால் அதுவும் செத்துப்போன டிஸ்க்கிலேயே இருந்தது.

மண்டபத்துக்குப் போன் வந்தது. நான் பூத்துக்கு ஓடினேன். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன.

‘‘எழுதிக்கோ தம்பி. டாட் ஸ்லாஷ் கான்ஃபிகர். ஸ்பேஸ். மைனஸ் மைனஸ் ப்ரிஃபிக்ஸ்...’’

‘‘மைனஸ் ஒண்ணாண்ணே?’’

‘‘மைனஸ் மைனஸ்... இல்லைப்பா, ரெண்டு மைனஸ்! ரெண்டு!’’

இந்த இடத்தில்தான் பெரியவர் உச்சுக் கொட்டியது.

‘‘ஈக்குவல் டு. ஸ்லாஷ் யு.எஸ்.ஆர்...’’

‘‘யூசர்-ஆ அண்ணே?’’

‘‘ஈ கிடையாது. யு, எஸ், ஆர். உமாவுக்கு வர்ற யு...’’

உமா என்றதும் பெரியவர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டார். நாளைக்குக் கல்யாணம் என்று தெரியும், யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. கூண்டைச் சுற்றி நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அதற்குள் அப்பா வேர்க்க விறுவிறுக்க வந்து கண்ணாடியைத் தட்டினார். ‘‘டேய், மாப்பிள்ளை கார்ல வந்து உக்காந்து கால் மணி நேரமாச்சு. நீ மாலை போட்டாத்தான் இறங்குவாரு. இங்க யாருக்குடா வாய்ப்பாடு சொல்லிட்டிருக்கே?’’

அவசர அவசரமாக முடித்தேன். ‘‘அவ்வளவுதான் தம்பி. அப்புறம் மேக், மேக் இன்ஸ்டால். கடைசியா ஸ்க்விட் மைனஸ் இஸட். பாத்துக்கோ. வெச்சுடறேன்.’’

மாலை போட்டேன். மாப்பிள்ளை இறங்கினார். நாதஸ்வரம் அதிர்ந்தது. எல்லாம் சுபம்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து, பந்தியில் உட்காரப் போகும்போது மானேஜரிடமிருந்து போன். குரலில் கல்யாணக் களை இல்லை.

காலையில் மைனர் பழக்க தோஷத்தில் ஒரு பாட்டைத் தட்டியிருக்கிறார். மளமளவென்று இறங்கியிருக்கிறது. கேபிளை ஒட்டவைத்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் வரிசையாக ஏழெட்டுப் பாட்டு. லைன் மொத்தமும் ஸ்தம்பித்துவிட்டது. ஒரு பார்ட்டியின் கன்டெய்னருக்கான விவரங்கள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் கப்பல் ஏஜென்டுக்கு மெயிலில் போயிருக்க வேண்டும். அனுப்பியவர் பட்டனைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். போயாச்சு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, மெயில் பெட்டியிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது. தெரிந்தபோது நேரம் தாண்டிவிட்டது. கன்டெய்னர் அந்தக் கப்பலில் ஏறவில்லை. அடுத்தது ஒரு வாரம் கழித்து.

‘‘எல்லாம் அந்தப் பயலால’’ என்றார் மானேஜர். ‘‘நீ கல்யாண வேலைய விட்டுட்டு போன்ல சொல்லியிருக்கே, அதைக்கூட ஒழுங்கா டைப் அடிக்கத் தெரியல. திங்கட்கிழமை வந்ததும் கணக்கு முடிச்சு அனுப்பிடறேன்.’’

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ‘மைனஸ் மைனஸ் எனேபிள் டிலே பூல்ஸ்.’ நான் சொல்லவே இல்லை! எதற்காக ரெடிமேடை விட்டு சோர்ஸிலிருந்து கட்டினோமோ, அந்த ஒன்றையே விட்டுவிட்டேன். திருப்பதிக்குப் போய்ப் பெருமாளை விட்டுவிட்டு லட்டு மட்டும் வாங்கி வந்த கதை. அமைப்பு ஃபைலில் ரேஷன் வரிகள் இருந்தன. ஆனால் அந்த வசதி இல்லாமல் கட்டிய ஸ்க்விட்டுக்கு அவை என்னவென்றே தெரியாது. ‘இந்த வரி புரியவில்லை’ என்று தன் பதிவேட்டில் குறித்துவிட்டு, பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிடும்.

‘‘சார், அது வந்து...’’ என்றேன்.

‘‘நீ எதுக்கு வருத்தப்படறே? போய்ச் சாப்பிடு.’’

‘‘சரி சார். வந்து பாத்துக்கலாம்.’’

இதைத்தான் சொன்னேன். ‘தப்பு என்னுது சார்’ என்று சொல்ல மூன்று விநாடி போதும். போன் சார்ஜ்கூட அவருடையது. சொல்லவில்லை. இலையில் பாயசம் விட்டுப்போனார்கள். இறங்கவில்லை.

★ ★ ★

திங்கட்கிழமை எட்டரை மணிக்கே ஆபீஸ் போனேன். தம்பி எனக்கு முன்னால் வந்திருந்தான்.

‘‘சரி பண்ணிட்டேண்ணே’’ என்றான். ‘‘வெள்ளிக்கிழமை ராத்திரி கான்ஃபிகர் மைனஸ் மைனஸ் ஹெல்ப்னு போட்டேன். அதுல என்னென்ன சேக்கலாம்னு பெரிய லிஸ்ட் வருது. ஒண்ணொண்ணாப் படிச்சேன். டிலே பூல்ஸ்னு ஒண்ணு இருந்தது. பதிவேட்டுல புரியலைன்னு சொன்ன வரியிலயும் அதே பேர். சனிக்கிழமை வந்து மறுபடி கட்டிட்டேன்.’’

நான் ஆறு வாரம் முட்டிக்கொண்டு தெரிந்துகொண்டதை ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டான். முதல் பிழையைப் படி என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

மேஜைமேல் அந்த நீள நோட்டு திறந்திருந்தது. வியாழக்கிழமை தேதி போட்டு, நான் போனில் சொன்னதெல்லாம் வரிக்கு வரி. ‘ரெண்டு மைனஸ்’ என்பதற்குக் கீழே கோடு. ‘யு.எஸ்.ஆர். (ஈ கிடையாது)’ உள்பட. எது அதில் இல்லை என்பதும் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பக்கத்தை மானேஜரிடம் காட்டியிருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

‘‘இதை ஏன் நீ காட்டலை?’’

‘‘நீங்க கல்யாண டென்ஷன்ல இருந்தீங்கண்ணே. நீங்க சொல்லியிருப்பீங்க, லைன் சரியில்லாம எனக்குத்தான் காதுல விழலையோ என்னவோ.’’

சார், யாராவது என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முன்பே கேட்டதையும், நான் சொல்லித் தராததையும், ஏன் தரவில்லை என்பதையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்ளும் வரை பேசவில்லை.

‘‘இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம்’’ என்றார்.

‘‘ஆமா சார்.’’

‘‘உன் ஐநூறு ரூபாய் கட். அந்தப் பையன் இருக்கட்டும்.’’ நான் கதவுவரை போனதும் கூப்பிட்டார். ‘‘அந்த நோட்டை ஸெராக்ஸ் எடுத்து ஒரு காப்பி என் மேஜைல வை. நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல கல்யாணம் வந்தா நான் என்ன பண்றது?’’

★ ★ ★

இப்போது காலம் மாறிவிட்டது. இந்த மூன்று மந்திரத்தை யாரும் அதிகம் ஜபிப்பதில்லை. லினக்ஸில் ஒரு வரி தட்டினால் ரெடிமேடாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. எப்போதாவது சோர்ஸிலிருந்து கட்ட வேண்டி வந்தாலும், டெபியன், உபுன்டு மாதிரி லினக்ஸ்களில் ‘ஆப்ட் பில்ட்-டெப்’ என்று சொன்னால், அதற்கு வேண்டிய லைப்ரரி, ஹெடர் ஃபைல் எல்லாவற்றையும் தானே கொண்டு வந்து வைக்கிறது. என் ஸெட்லிப் ராத்திரிகளை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

கட்டும் முறையை எழுதி வைப்பது இன்றைக்குத் தொழிலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. டாக்கர்ஃபைல் என்கிறார்களே, அது என்ன? தம்பியின் நோட்டுதான், மெஷின் படிக்கிற மாதிரி எழுதியது. டெபியன்காரர்கள் 2013-லிருந்து இன்னும் ஒரு படி மேலே போய்ப் பாடுபடுகிறார்கள். ஒரே சோர்ஸ் கோடு, ஒரே முறை என்றால், யார் எங்கே கட்டினாலும் கடைசி பிட் வரை அச்சு அசல் ஒன்றாக வர வேண்டும் என்று.

எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று தோன்றினால் 2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். எக்ஸ் இஸட் என்று ஃபைல்களைச் சுருக்குகிற சாதுவான ஒரு சாஃப்ட்வேர், உலகத்து லினக்ஸ் மெஷின்களிலெல்லாம் இருப்பது. இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் அதில் ஒரு திருட்டு வாசல் வைத்துவிட்டார். அதை எங்கே வைத்தார் தெரியுமா? எல்லோரும் படிக்கிற நிரலில் இல்லை. திருட்டுச் சரக்கைப் பரிசோதனை ஃபைல்களுக்குள் ஒளித்தார். அதை வெளியே எடுத்துச் சேர்க்கும் வரியை, வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்த கட்டும் குறிப்பில் செருகினார். ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற எஞ்சினீயர், தன் மெஷினில் லாகின் ஆவதற்கு அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதில் அகப்பட்டது. அரை விநாடி! நம் ஆபீஸில் அரை நாள் தாமதமானாலும் யாரும் கேட்பதில்லை.

துணி நல்லதா என்று மட்டும் பார்த்தால் போதாது, டெய்லர் எப்படித் தைத்தார் என்பதும் தெரிய வேண்டும் என்கிறது அந்தச் சம்பவம். தைத்த முறையை மறைக்கிறவன் திருடனாக இருக்கலாம். அல்லது, இருபத்தைந்து வயதில் ஐநூறு ரூபாய்க்குப் பயந்த என்னைப் போன்றவனாகவும் இருக்கலாம். பக்கத்து நாற்காலிக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

யாராவது புதிதாகச் சோர்ஸிலிருந்து கட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் என் யோசனை இதுதான். முதலில் கூட வருகிற ‘ரீட்மீ’யைப் படியுங்கள். ‘ஹெல்ப்’ பட்டியலைப் படியுங்கள். பிழை வந்தால் முதல் பிழையைப் படியுங்கள். கட்டி முடித்ததும் ஒரு நோட்டை எடுத்து, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். எழுதிய நோட்டைப் பூட்டி வைக்காதீர்கள்.

★ ★ ★

அந்தத் தங்கை மகளுக்குச் சமீபத்தில் கும்பகோணத்திலேயே கல்யாணம். தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். தலையில் நரை. பெரிய கம்பெனி ஒன்றில் நாள் முழுக்க சாஃப்ட்வேர் கட்டுவதுதான் அவன் உத்தியோகம், அவனுக்குக் கீழே பத்துப் பேர். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

‘‘அண்ணே, இந்தத் தடவை ஆபீஸ்லேர்ந்து போன் வராதில்ல?’’

‘‘வராதுப்பா. எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டு வந்திருக்கேன்.’’

‘‘டிலே பூல்ஸ்?’’

அன்றைக்குப் பாயசம் நன்றாக இறங்கியது. இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.